ஏசா விழுந்த சனிக்கிழமை

பிரேலோ சந்தில் தண்ணீர் வருவதற்கு மழை வேண்டியதில்லை. பௌர்ணமி நெருங்கினால் போதும். வானம் துடைத்துவிட்ட மாதிரி கிடக்கும், வெயில் சுள்ளென்று அடிக்கும், சாக்கடை மூடியின் துளைகள் வழியாகக் கடல் குமிழியிட்டுக்கொண்டு மேலே வரும். காரை மேட்டுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்போம். எங்கள் கடலோர ஊர் சார்ல்ஸ்டனைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் குதிரை வண்டியில் உட்கார்ந்தபடி அதைப் படம் எடுப்பார்கள். எங்களையும் சேர்த்துத்தான்.

நான் ராஸ்கோ. நகரப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவன். எனக்கு எதிர்வீடு ஏசா மசீக்கின் வீடு. தெருவுக்கு முதுகைக் காட்டாமலும் முகத்தைக் காட்டாமலும் தோளைக் காட்டி நிற்கிற, எங்கள் ஊர்ப் பழைய மரவீடு. பக்கவாட்டில் நீள வராந்தா, பின்னால் ஒடுக்கமான முற்றம். ஏசா அந்த வீட்டில் பிறந்தவன். துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கி முழங்கால் தேய்ந்து, இப்போது ஆற்றில் வலை வீசுவதும் சனிக்கிழமை நண்டு அவிப்பதுமாக இருக்கிறான். அவன் மனைவி வெர்டெல் ஆற்றுக்கு அப்பால் தீவிலிருந்து வாழ வந்தவள். பள்ளிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரி. அவள் ஒரு பார்வை பார்த்தால் கூடம் நிறைய இருக்கும் பிள்ளைகள் வரிசையில் நின்றுவிடும்.

அந்த வருஷம் தண்ணீர் தெருவோடு நிற்கவில்லை. பின்முற்றத்தில் தேங்கி, வீட்டுக்கு அடியில் புகுந்து, சமையலறைப் பலகை உப்பிப்போனது. தரையில் நடந்தால் ஊறின ரொட்டியை மிதிப்பதுபோல இருக்கும். வெர்டெல் பலகைகளுக்கு மேல் பலகை போட்டுப் பார்த்தாள், மருந்து தெளித்துப் பார்த்தாள். சேற்று நாற்றம் போகவில்லை. மூச்சிரைப்பு வந்தது. மகள் ரெனீட்டா ஷார்லட்டில் இருக்கிறாள். மேட்டு ஊர். வந்துவிடுங்கள் என்று அவள் ஃபோனில் கூப்பிடுவதும், ஏசா ஃபோனை வெர்டெலிடம் நீட்டிவிட்டு வெளியே போவதும் வழக்கமாகிப்போயிருந்தது.

சனிக்கிழமை காலையில் நான் அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுவேன். என் மனைவி போனபிறகு ஏற்பட்ட பழக்கம். அன்றைக்கு சோளக் கஞ்சியும், வெண்ணெயில் வதக்கிய இறாலும். இறால் ஏசா விடிகாலையில் பிடித்து வந்தது.

"ரெனீட்டாகிட்ட சொல்லிட்டேன்," என்றாள் வெர்டெல், கஞ்சியைக் கிளறிக்கொண்டே. "கிறிஸ்துமஸுக்கு வர்றோம். வந்தா அங்கேயே இருந்துடறோம்."

"யாரு வர்றோம்?"

"நீயும் நானும். வேற யாரு, ராஸ்கோவா?"

"என்னையும் கூட்டிக்கிட்டுப் போனா நல்லதுதான்," என்றேன் நான். ரெண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஏசா இறாலை வாயில் போட்டு நிதானமாக மென்றான். "தண்ணிதானே உனக்குப் பிரச்சனை. தண்ணி நின்னுட்டா?"

"கடல்கிட்ட பேசி வெச்சிருக்கியா?"

"முற்றத்துல ஆழமா ஒரு குழி வெட்டி ஜல்லியைக் கொட்டினா தேங்கறதெல்லாம் உள்ள இறங்கிடும். இன்னைக்கே வெட்டறேன்."

"ஏசா, கீழேயும் தண்ணிதானே இருக்கு," என்றேன்.

"நீ பஸ் ஓட்டினவன். சாப்பிடு."

"நான் ரூம் ரூமா பெட்டி கட்டறேன், இவரு குழி வெட்டறாராம்," என்றாள் வெர்டெல். அடுப்பில் சிவப்புச் சோற்றுக்குத் தக்காளியை வதக்க ஆரம்பித்தாள். கரண்டி சட்டியில் படுகிற சத்தத்திலேயே அவள் கோபம் எவ்வளவு என்று தெரிந்தது. ஏசா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு பின்பக்கம் போனான். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு நழுவினேன்.

என் வாசலில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் சாக்கடை மூடியைச் சுற்றித் தண்ணீர் வட்டமாக ஊற ஆரம்பித்திருந்தது. பின்முற்றத்திலிருந்து மண்வெட்டிச் சத்தம் வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றது. இளைப்பாறுகிறான் என்று நினைத்தேன்.

வெர்டெல் வராந்தாக் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தாள். கத்துகிற பெண் அல்ல அவள். அன்றும் கத்தவில்லை.

"ராஸ்கோ, ஏசாவைக் காணோம்," என்றாள். "குரல் மட்டும் கேக்குது."

பின்னால் ஓடினேன். முற்றத்தில் அவன் வெட்டிய குழி இருந்தது. குழியின் அடியில் துணி துவைக்கும் தொட்டி அகலத்துக்குக் கறுப்பாக ஒரு ஓட்டை. மண்வெட்டியைக் காணவில்லை. ஆளையும் காணவில்லை. ஓட்டையிலிருந்து ஈரமான பழைய காற்று வந்தது.

"ஏசா," என்று கூப்பிட்டேன்.

"கத்தாதே. இங்க முழங்குது, காது வலிக்குது."

"உசிரோட இருக்கியா?" என்றாள் வெர்டெல்.

"இல்லைன்னா யாரு பேசறது?"

"எங்க இருக்கே?"

"எனக்கென்ன தெரியும். சுத்திச் செங்கல் சுவரு. வட்டமா இருக்கு. கால்ல தண்ணி கிடக்குது." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "ஒரு கால் வரமாட்டேங்குது. மேல இருந்து வந்த செங்கல் மொத்தமா அதும்மேல உக்காந்திருக்கு."

அப்போதுதான் புரிந்தது. குழாய்த் தண்ணீர் வருவதற்கு முந்தின காலத்தில் கூரையில் விழுகிற மழையைப் பிடித்து வைக்க நிலத்துக்குள் செங்கல்லால் கட்டின தொட்டி. மேலே குடத்தைக் கவிழ்த்த மாதிரி மூடி, மண்ணைப் போட்டு நிரவிவிட்டார்கள். அந்த வீட்டில் பிறந்தவனுக்கே அது தெரியாது. இத்தனை வருஷமாக அதன் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து நண்டு தின்றிருக்கிறோம்.

வெர்டெல் ஓட்டைப் பக்கம் ஒரு அடி வைத்தாள். உள்ளே ஏதோ தண்ணீரில் தொபுக்கென்று விழுந்தது.

"வராதே வெர்டி. மேலேருந்து உதிருது," என்றான் ஏசா. முதல்முறையாக அவன் குரல் மாறியிருந்தது.

நான் தீயணைப்புக்கு ஃபோன் செய்தேன். பேசி முடித்துத் திரும்பினால் வெர்டெல் சமையலறைக் கதவை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "இதைக் கழட்டு," என்றாள். கீல் ஆணிகளைச் சுத்தியலால் தட்டி எடுத்தேன். கதவைத் தூக்கி வந்து குழிக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகக் கிடத்தினோம். பாரம் பரவலாக இருந்தால் மண் தாங்கும் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. அவள் அதன்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய்த் தலையை ஓட்டைக்கு மேல் நீட்டினாள். நான் அவள் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டேன். கடலோரச் சேற்றில் நடந்து காய்த்துப்போன பாதங்கள்.

"உன் தொப்பி தெரியுது," என்றாள்.

"உன் தலை தெரியுது. பின்னால வானம். சர்ச்சுல மாட்டியிருக்கிற படம் மாதிரி இருக்கே."

"வாயைக் குறைச்சுக்கிட்டுக் காலை அசைச்சுப் பாரு."

"பாத்துட்டேன்."

"தண்ணி எதுவரைக்கும் இருக்கு?"

"கணுக்கால்தான்," என்றான் ஏசா. ரொம்ப யோசித்துச் சொன்ன பதில். கடல் ஏறிக்கொண்டிருக்கிறது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பழைய செங்கல், சுண்ணாம்புக் காரை. ஏற்றம் வரும்போது தண்ணீர் அதற்குள் வராமல் எங்கே போகும்?

தீயணைப்பு வண்டி சந்து முனையிலேயே நின்றுவிட்டது. தெருவில் அதற்குள் முட்டளவு நீர். ஆட்கள் சாமான்களைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். கேப்டன் டாய்ல் என்று ஒரு பெரிய மனிதர். முற்றத்துக்குள் வந்து, ஒரு கம்பியால் தரையைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். நாங்கள் நின்ற பக்கமெல்லாம் பானையைத் தட்டுவதுபோல் சத்தம். வேலி ஓரம் போனதும்தான் கெட்டிச் சத்தம் கேட்டது.

"மேடம், நீங்க எழுந்து வரணும்," என்றார்.

"நான் இங்கதான் இருப்பேன்."

"அந்த இடம் உள்வாங்கினா நீங்களும் அவர்மேலதான் விழுவீங்க."

அதைக் கேட்டதும் வெர்டெல் பின்னால் ஊர்ந்தாள். அவர்கள் கதவை இன்னும் தள்ளிப் போட்டு, அவள் இடுப்பில் ஒரு பட்டை கட்டிக் கயிற்றை என் கையிலும் இன்னொருவர் கையிலும் கொடுத்தார்கள். தலை தெரியாது, குரல் கேட்கும் தூரம்.

"மூணுகால் சட்டம் நிறுத்திக் கயிறு இறக்கணும்," என்று கேப்டன் என்னிடம் சொன்னார். "அதுக்குக் கால் ஊன்றக் கெட்டித் தரை வேணும். அது அந்தப் பக்கம்தான் இருக்கு. தண்ணி இறைக்கிற மிஷினும் அந்த வீட்டு வழியாத்தான் வர முடியும். இந்த வேலியை எடுக்கணும். யாரு வீடு அது?"

நான் வெர்டெலைப் பார்த்தேன்.

அது இங்க்ரிட் என்பவளின் வீடு. வடக்கே பனி பெய்கிற மாநிலத்திலிருந்து தனியாக வந்தவள். இடிந்து கிடந்த வீட்டை வாங்கிப் பொறுமையாகச் சரிசெய்து, முற்றத்தில் கல் பரப்பி, பூச்செடி வைத்தாள். வந்த புதிதில் ஏசாவின் நண்டுப் புகையைப் பற்றியும் சனிக்கிழமைப் பாட்டுச் சத்தத்தைப் பற்றியும் நகராட்சிக்குச் சொல்லிவிட்டாள். ஒரு ஆள் வந்து கொதிக்கிற அண்டாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு எச்சரித்துப் போனான். ஏசா ஒரு வாரத்தில் மறந்துவிட்டான். வெர்டெல் மறக்கவில்லை. தலைக்கு மேல் உயரமாக அந்த வேலி வந்தது அதற்குப் பிறகுதான். வெர்டெல் அவள் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'பக்கத்து வீட்டுக்காரி' என்பாள், அதுவும் தேவைப்பட்டால்.

வெர்டெல் கதவின் மேல் மண்டியிட்டு நிமிர்ந்தாள். வேலியைப் பார்த்து, "இங்க்ரிட்," என்றாள்.

"இங்கதான் இருக்கேன்." வேலிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்திலிருந்து பதில் வந்தது. "அப்பவே வந்துட்டேன். உள்ள வரலாமா, கூடாதான்னு தெரியலை."

"வேலியை எடுக்கணுங்கறாங்க."

"எடுக்கறேன்."

கேப்டனின் ஆட்கள் கடப்பாரையோடு சுற்றி வருவதற்குள் அவளே நெம்ப ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு பலகையாகக் கிறீச்சிட்டு வந்தது. வேலி திறந்தபோது முதலில் தெரிந்தது அவள் கை. கையுறை இல்லாமல், சிராய் ஏறி, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. தீயணைப்பு ஆட்கள் மூன்றுகால் சட்டத்தையும் மோட்டாரையும் அவள் பூச்செடிகளின் மேலேயே இழுத்து வந்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது தொட்டிதான்," என்று கேப்டனிடம் சொன்னாள். "என் முற்றத்துலயும் ஒண்ணு இருந்தது. வேலை செஞ்சவங்க கண்டுபிடிச்சு மணல் போட்டு மூடினாங்க. இங்கேயும் ஒண்ணு இருக்கும்னு அப்பவே சொன்னாங்க."

வெர்டெல் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"சொல்றதுக்கு வந்தேன்," என்றாள் இங்க்ரிட். "நீங்க கதவைச் சாத்திட்டீங்க."

வெர்டெல் அவளையே பார்த்தாள். சண்டை வரும் என்று நினைத்தேன்.

"ஆமா," என்றாள் வெர்டெல். "சாத்தினேன்."

அவ்வளவுதான். திரும்பவும் கதவில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

சட்டத்தை நிறுத்தி, ஓட்டையின் விளிம்பில் பலகை கொடுத்து, குழாயை இறக்குவது ஒன்றும் சட்டென்று முடிகிற வேலையாக இல்லை. ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, அப்புறம்தான் அடுத்தது. அந்த நேரம் முழுக்க ஏசாவும் வெர்டெலும் பேசிக்கொண்டே இருந்தார்கள். கயிற்றைப் பிடித்திருந்த நான் கேட்காமல் இருக்க முடியாது.

"வெர்டி."

"ம்."

"ஏதோ கருகற வாசனை வருது."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "சோறு. ராஸ்கோ, அடுப்பை யாரையாவது அணைக்கச் சொல்லு." இங்க்ரிட் உள்ளே ஓடினாள். வெர்டெலின் சமையலறைக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல்முறை.

"அடி மட்டும்தான் பிடிச்சிருக்கும்," என்றான் ஏசா. "மேல இருக்கிறதை எனக்கு எடுத்து வை."

"வெக்கறேன். தண்ணி எதுவரைக்கும்?"

"கேட்டுக்கிட்டே இருக்காதே."

"எதுவரைக்கும்?"

"முழங்காலுக்கு மேல." பிறகு, "குளிருது," என்றான்.

"போன தடவை ஆத்துல விழுந்தப்போ இதைவிடக் குளிர்ந்ததுன்னு சொன்னே."

"அது பொய்யி. அன்னைக்கு நான் விழவே இல்லை. வலையைத் தொலைச்சிட்டேன், உன்கிட்டச் சொல்ல பயம். வாளித் தண்ணியை மேல ஊத்திக்கிட்டு வந்தேன்."

"தெரியும். உன் ஷூ காஞ்சிருந்தது."

அவன் சிரித்தான். தொட்டிக்குள் சிரிப்பு உருண்டு வேறு யாரோ சிரிப்பதுபோல் வெளியே வந்தது. கயிற்றைப் பிடித்திருந்த தீயணைப்பு ஆளும் சிரித்தான்.

மோட்டார் உறுமத் தொடங்கியது. குழாய் வழியாகக் கறுப்புத் தண்ணீர் இங்க்ரிட்டின் கல்தரையில் கொட்டியது. அது இறைக்க இறைக்கக் கடல் உள்ளே நிரப்பிக்கொண்டிருந்தது.

"வெர்டி. ரெனீட்டா வீட்ல நமக்குன்னு வெச்சிருக்கிற ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்?"

"எதுக்குக் கேக்கறே?"

"தெருவைப் பாத்த மாதிரி இருந்தா நல்லாயிருக்கும்."

"அங்க தெருன்னு ஒண்ணும் கிடையாது. கார் போற பாதைதான். மனுஷன் நடக்க மாட்டான்."

"அப்ப யாரைப் பாத்துக்கிட்டு உக்கார்றது?"

"என்னைப் பாரு."

"அதுவும் சரிதான்." அவன் இருமினான். "போயிடலாம் வெர்டி. கிறிஸ்துமஸ் வரைக்கும்கூட வேண்டாம். நான் வரேன். குழி வெட்டினதெல்லாம் வீம்புக்குத்தான். நீ மூச்சு வாங்கறது ராத்திரியெல்லாம் எனக்குக் கேக்கும். கேக்காத மாதிரி படுத்திருப்பேன்."

வெர்டெல் கண்ணை மூடிக்கொண்டாள். கதவுப் பலகையில் அவள் விரல்கள் பிடிமானம் தேடின.

"அதுக்குள்ள இருந்து எனக்கு எதுவும் சத்தியம் பண்ணாதே," என்றாள். "இப்ப நான் என்ன சொன்னாலும் நீ சரிம்பே. நீ என்ன சொன்னாலும் நான் சரிம்பேன். இங்கேயே செத்து மடியலாம்னு நீ சொன்னாலும் இப்ப நான் சரிம்பேன். அதெல்லாம் கணக்குல வராது. மேல வா. மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

"வரலைன்னா?"

"வருவே."

"பயமா இருக்கு வெர்டி."

"எனக்கும்தான்," என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது, ஒரு சொல் அளவுக்கு. உடனே சரிசெய்துகொண்டாள். "தொப்பியைக் கழட்டாதே. ஏதாவது விழுந்தா தலைக்குக் கொஞ்சமாவது காப்பு."

உள்ளே இறங்குவதற்கு ஒரு பெண்ணைத் தயார் செய்தார்கள். கச்சிதமான ஒல்லி உடம்பு. இடுப்பிலும் தொடையிலும் பட்டைகளைப் பூட்டிக்கொண்டே வெர்டெலின் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"மிஸ் வெர்டெல், என்னைத் தெரியலையா? ஷாண்ட்ரெல். நீங்க போட்ட பீன்ஸையெல்லாம் சாப்பிடாம சாக்ஸுக்குள்ள ஒளிச்சு வெச்சவ."

வெர்டெல் நிமிர்ந்து பார்த்தாள். "தெரியாம என்ன. இன்னும் ஒல்லியாத்தான் இருக்கே."

"அதனாலதான் என்னை இறக்கறாங்க. நான் கூட்டிட்டு வந்துடறேன்."

"பாத்து இறங்கு கண்ணு. அவன் பேசிக்கிட்டே இருப்பான். நீ பதில் சொல்லாம வேலையைப் பாரு."

ஷாண்ட்ரெல் ஓட்டைக்குள் மறைந்தாள். கயிறு கப்பியில் ஓடியது. கீழே அவள் விளக்கு வெளிச்சம் அசைவது ஓட்டையின் விளிம்பில் தெரிந்தது. "மிஸ்டர் மசீக், என் தோளைப் பிடிச்சுக்கங்க," என்பதும், "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று ஏசா விசாரிப்பதும் கேட்டது. கம்பி செங்கல்லில் உரசியது. தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டதாக அவள் மேலே சொன்னாள். ஒரு பெரிய பாளம்தான் காலை அழுத்திக்கொண்டிருக்கிறது, நெம்புகிறேன் என்றாள்.

நெம்பியபோது மேல்விளிம்பில் ஒரு பகுதி போயிற்று. இடி மாதிரிச் சத்தமெல்லாம் இல்லை. மூட்டை சரிவதுபோல் ஒரு சத்தம், பிறகு தண்ணீர் அடித்துக்கொள்கிற சத்தம், பிறகு ஓட்டையிலிருந்து தூசி. விளக்கு வெளிச்சம் காணவில்லை. கேப்டன் இரண்டு பேர் பெயரையும் கூப்பிட்டார். பதில் இல்லை. வெர்டெல் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் இடுப்புக் கயிற்றை நான் இறுக்கிப் பிடித்தேன், பாய்ந்துவிடுவாளோ என்று. ஆனால் அவள் அசையவே இல்லை. இங்க்ரிட் எப்போது வந்தாள், எப்போது வெர்டெலின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. வெர்டெலின் கை அவள் கைக்குள் இருந்தது. சிராய் ஏறின கை, அதை வெர்டெல் நொறுங்கப் பிடித்திருந்தாள். இங்க்ரிட் விடுவித்துக்கொள்ளவில்லை.

உள்ளே யாரோ இருமினார்கள். பிறகு இன்னொரு இருமல், கனமாக.

"தொப்பி போச்சு," என்றான் ஏசா.

"கால் வந்துடுச்சு," என்றாள் ஷாண்ட்ரெல். "ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். தூக்குங்க, சீக்கிரம்."

தூக்கினார்கள். நானும் கயிற்றில் கை கொடுத்தேன். முதலில் தலை வந்தது. சேறும் காரைப்பொடியும் அப்பி, ஏசா என்று சொல்ல முடியாத ஒரு தலை. தோள் வந்தது. பட்டையில் தொங்கிக்கொண்டு, வலையில் வந்த பெரிய மீனைப்போல் தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்து, இங்க்ரிட்டின் கல்தரையில் கிடத்தப்பட்டான். வலது பாதம் போகவேண்டிய திசையில் போகாமல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. வெர்டெல் முன்னால் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து அவன் முகத்தைத் துடைத்தாள். துடைத்தாள் என்பதைவிடத் தேய்த்தாள். நெற்றி, காது, காதுக்குப் பின்னால், கழுத்து. பள்ளிப் பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல.

"தோல் போயிடும் வெர்டி."

"போகட்டும்."

ஷாண்ட்ரெல் மேலே வந்ததும் அவள் முகத்தையும் அதே துணியால் துடைத்தாள்.

ஏசா சுற்றிலும் பார்த்தான். சாய்ந்து கிடந்த வேலி, மிதிபட்ட செடிகள், கறுப்புத் தண்ணீர் ஓடுகிற கல்தரை. "மிஸ் இங்க்ரிட், உங்க பூவெல்லாம் போச்சே," என்றான்.

"அது வளரும்," என்றாள் இங்க்ரிட். சொல்லிவிட்டு, அவள்தான் எங்களில் முதலில் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. முதுகெல்லாம் சிராய்ப்பு. குடித்த தண்ணீருக்கும் பட்ட காயத்துக்கும் ஊசிகள். வேறொன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னபோது வெர்டெல் நன்றி சொல்லிவிட்டு, அதே நாற்காலியில் அதே மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். தூங்கச் சொன்னோம், மாட்டேன் என்றாள். அவன் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றாள்.

ஞாயிறு காலை அனுப்பிவிட்டார்கள். நான்தான் காரில் கூட்டி வந்தேன். தெருவில் தண்ணீர் வடிந்து, கோரைத் துணுக்குகளும் சேற்று வாசனையும் மட்டும் மிச்சம். தொட்டியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, மேலே கனத்த பலகை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வெர்டெல் அவனை வராந்தாவில் நாற்காலியில் உட்காரவைத்து, கட்டுப்போட்ட காலை முக்காலியில் தூக்கி வைத்து, ஊன்றுகோலைக் கைக்கு எட்டும்படி சாத்தினாள்.

"கொஞ்சம் படுக்கறேன்," என்று உள்ளே போனாள்.

பக்கத்திலிருந்த சர்ச்சில் மணி அடித்தது. அவள் வரவில்லை. வெர்டெல் பாடற்குழுவில் முன்வரிசை. காய்ச்சலிலும் போகிறவள். பாட்டு முடிந்து, பிரசங்கம் முடிந்து, ஜனங்கள் கலைகிற சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். முதலில் போதகரின் மனைவி சிஸ்டர் ஓலீதா, வெள்ளைத் தொப்பியும் கையில் வெண்டைக்காய்ச் சூப்புமாக. வெர்டெல் இல்லாத வரிசையைப் பார்த்துவிட்டு யாரோ செத்தே போய்விட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்கள்.

"பிரதர் ஏசா, ஆண்டவர் உங்களை..." என்று வாசலிலிருந்தே ஆரம்பித்தாள்.

ஏசா ஊன்றுகோலைத் தூக்கி உதட்டுக்கு நேரே நிறுத்தினான். "தூங்கறா," என்றான் வாயசைவில்.

சிஸ்டர் ஓலீதா நுனிக்காலில் நடந்து வந்து சூப்பை வைத்தாள். பின்னால் வந்தவர்களுக்கும் அதே சைகை. வறுத்த கோழி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சோள ரொட்டி. கொண்டு வந்த பாத்திரங்களைத் தரையில் சத்தம் வராமல் வைத்துவிட்டு, எல்லோரும் வராந்தாவின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் அத்தனை பெரியவர்கள் கிசுகிசுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏசா விழுந்த கதையைக் கிசுகிசுவாகவே சொன்னான். ஷாண்ட்ரெல் இறங்கிய கட்டத்துக்கு வந்ததும் ரெண்டு கையையும் உபயோகித்தான். ஊன்றுகோல் சரிந்தது. நாலு பேர் பாய்ந்து பிடித்தார்கள்.

இங்க்ரிட் வேலி இருந்த இடத்தின் வழியாகவே வந்தாள். கையில் கட்டு. ஆப்பிள் வைத்துச் சுட்ட ஏதோ ஒன்றைத் தட்டில் மூடிக் கொண்டுவந்திருந்தாள். இவ்வளவு பேரைக் கண்டதும் நின்றுவிட்டாள். ஏசா பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினான். சிஸ்டர் ஓலீதா தன் கைப்பையை அதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இங்க்ரிட் உட்கார்ந்தாள்.

அப்போது ஜன்னல் வழியாக ஒரு சத்தம் வந்தது. கனமாக, ஒரே சீராக.

"கேளுங்க," என்றான் ஏசா ரகசியமாக. முகமெல்லாம் விரிந்திருந்தது. "கல்யாணம் ஆன நாளா நான்தான் குறட்டை விடறேன்னு சொல்லிக்கிட்டிருக்கா. நீங்கல்லாம் சாட்சி."

பாதி பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குறட்டை தடைபடாமல் வந்துகொண்டிருந்தது. மூச்சிரைப்பு இல்லாத நல்ல தூக்கம்.

அவன் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. ரெனீட்டா. காரில் வந்துகொண்டிருந்தாள், பாதி வழி தாண்டிவிட்டாள். பக்கத்தில் இருந்த எனக்கும் அவள் குரல் கேட்டது.

"அப்பா, ஏன் இப்படி மெல்லப் பேசறீங்க? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. நல்லா இருக்கோம்."

"வண்டியில இடம் பண்ணிக்கிட்டு வரேன். பெட்டியெல்லாம் ரெடியா? இன்னைக்கே கிளம்பறோமா, இல்லையா? என்னதான் முடிவு பண்ணியிருக்கீங்க?"

ஏசா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். திரைச்சீலை உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது.

"எனக்குத் தெரியலம்மா," என்றான். "உங்கம்மா தூங்கறா. எந்திரிக்கட்டும். கேட்டுச் சொல்றேன்."